முதல் இரண்டு வாரம் அப்படித்தான்

ஆகஸ்ட் 4

மதுரை டாக்டர் மூன்று நாள் குறித்து வரச் சொல்லியிருக்கிறார். எத்தனை மணிக்குச் சிறுநீர் போனேன், எவ்வளவு போனேன், போன பிறகும் பாக்கி இருப்பது போல் இருந்ததா. அச்சகத்தில் கொடுத்த நாட்குறிப்பு ஒன்று பிரிக்காமல் கிடந்தது. எழுபது வயதில் என் வாழ்க்கையில் குறித்து வைக்கத்தக்கதாக நடப்பது இது ஒன்றுதான் என்பதால் அதை எடுத்தேன்.

இந்த நாட்குறிப்பு விற்பனைக்குப் போகவில்லை. அக்டோபர் 9 இரண்டு முறை அச்சாகி, அக்டோபர் 10 விடுபட்டிருக்கிறது. மெய்ப்புப் பார்த்தவன் நான். சிவகாசியில் முப்பத்தெட்டு வருடம் பிழை திருத்திவிட்டு, ஓய்வு பெறும் மாதத்தில் ஒரு முழு நாளைத் தொலைத்தேன். முதலாளி திட்டவில்லை. பிரிவுபசார விழாவில் சால்வையோடு பத்துப் பிரதி கொடுத்தார்.

காலை 5.10, 6.00, 6.40, 8.15. அளப்பதற்கு என் மனைவி செண்பகவல்லி பழைய ரச டம்ளர் ஒன்றைக் கொடுத்தாள். இனி அது சமையலறைக்குத் திரும்பாது என்று இருவருக்கும் தெரிந்தது.

ஆகஸ்ட் 5

5.00, 5.50, 6.30, 7.45, 9.00. பாக்கி இருப்பது போல் எப்போதும் இருக்கிறது.

ஆகஸ்ட் 7

டாக்டர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்து, இவ்வளவு சுத்தமான கையெழுத்தில் இதை யாரும் எழுதித் தந்ததில்லை என்றார். எனக்கு வந்த முதல் விமர்சனம். புராஸ்டேட் கொஞ்சம் வீங்கியிருக்கிறதாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சிறிய மாத்திரை.

கூட வந்த தெய்வேந்திரனுக்கு நிலைமை மோசம். செண்பகவல்லியின் தம்பி, வயது அறுபத்து நாலு. அதே அச்சகத்தில் பைண்டிங் பிரிவுக்கு மேஸ்திரியாக இருந்தவன். நான் உள்ளே இருப்பதைத் திருத்துவேன், அவன் ஓரத்தை வெட்டுவான். அவனுக்கு மாத்திரை ஒரு வருடமாகப் போகிறது, நீர் முழுதாக இறங்கவில்லை. ஸ்கேனில் பார்த்துவிட்டு, 28ஆம் தேதி ஆபரேஷன் என்று டாக்டர் எழுதிவிட்டார். வேறு வழியே இல்லையா என்று தெய்வேந்திரன் மூன்று முறை கேட்டான். மூன்று முறையும் இல்லை என்றார்.

கிளம்பும்போது எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒன்று சொன்னார். முழுசாக அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் தானாகச் சொட்ட ஆரம்பித்தாலோ ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது. தெய்வேந்திரன் அப்போது செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். நான் காதில் வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 9

ஜெயசீலன் வந்தான். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடித்துக்கொண்டிருந்த பையன், நாற்பது வயதில் மருந்துக் கம்பெனி தொடங்கிவிட்டான். அமெரிக்காவில் குட்டையாக ஒரு பனை இருக்கிறதாம். அதன் பழத்தை ஆண்களின் நீர்த்தொல்லைக்குக் குப்பியில் அடைத்து விற்கிறார்களாம். போனில் காட்டினான்.

"அவன் ஊருக் குட்டைப் பனையே இந்த வேலை செய்யுதுன்னா, நம்ம பனை எவ்வளவு உசரம் அண்ணாச்சி."

வாதத்தில் குறை சொல்ல முடியவில்லை. ஆண்களுக்கான தொல்லை என்பதால் ஆண் பனையின் பாளையை மட்டும் எடுத்துக் காயவைத்து அரைக்கிறான். கூட நெருஞ்சில், பூசணி விதை. பெயர் ஆண்பனைச் சூரணம். அதற்கு ஒரு நோட்டீஸ் வேண்டும். தட்டச்சு செய்து கொண்டு வா, திருத்தித் தருகிறேன் என்றேன்.

"திருத்த இல்ல அண்ணாச்சி. நீங்கதான் எழுதணும்."

முப்பத்தெட்டு வருடத்தில் இந்த வார்த்தையை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

ஆகஸ்ட் 11

நோட்டீஸ் முடிந்தது. மூன்று முறை எழுதினேன்.

பத்தியம் இல்லாத மருந்தை நம் ஊரில் யாரும் மருந்தாக மதிப்பதில்லை. எனவே கத்தரிக்காயும் கருவாடும் கூடாது என்றேன். ஏன் கத்தரிக்காய் என்று ஜெயசீலன் கேட்டான். எப்போதும் அதுதானே என்றேன். ஒத்துக்கொண்டான். பத்தியம் முறிந்தால் முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும் என்றும் சேர்த்தேன். கண்டிப்பு இருந்தால்தான் மரியாதை.

பிறகு ஒரு கடிதம். பயன் பெற்றவர்: ஞா. அருளப்பன் (69), ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், மேலப்புதுக்குளம். அப்படி ஓர் ஊர் இருக்கிறதா என்று தெரியாது. ஆனால் இருக்க வேண்டிய ஊர்.

இந்தக் கடிதத்தில்தான் என் வேலை இருக்கிறது. வாழ்நாள் முழுவதும் இத்தகைய கடிதங்களுக்கு மெய்ப்புப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் மூன்றாம் நாளே குணம், குடும்பமே வணங்குகிறது. படிக்கும் எருமைகூட நம்பாது. உண்மையான கடிதத்தில் ஒரு குறை இருக்கும். ஆகவே இப்படி எழுதினேன்:

"உண்மையைச் சொல்வதானால் முதல் இரண்டு வாரம் தொல்லை கூடத்தான் செய்தது. நிறுத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன். தேங்கிய கழிவு கிளம்பும்போது அப்படித்தான் இருக்கும் என்று பொறுத்தேன். பதினைந்தாம் நாள் காலை, இளைஞனைப் போல் நீர் பிரிந்தது."

செண்பகவல்லிக்கு வாசித்துக் காட்டினேன். யார் இந்த வாத்தியார் என்றாள். ஜெயசீலனுக்குத் தெரிந்தவர் என்றேன். "பாவம், ரெண்டு வாரம் ரொம்பக் கஷ்டப்பட்டிருக்காரு" என்றாள்.

ஆகஸ்ட் 13

மெய்ப்பு வந்தது. புராஸ்டேட்டுக்குத் தமிழில் 'சுக்கிலவகம்' என்று எழுதியிருந்ததைச் 'சுக்கிரவகம்' என்று அடித்து, உடலில் இருந்த ஒரு சுரப்பியை வானத்துக்கு அனுப்பியிருந்தார்கள். இறக்கி வைத்தேன். டாக்டர் சொன்ன எச்சரிக்கையைக் கடைசி வரியாகச் சேர்த்திருந்தேன். பயமுறுத்துகிறது என்று ஜெயசீலன் அடித்துவிட்டு, அந்த இடத்தில் 'வேறு மருந்துகளுடன் கலந்து உண்ண கூடாது' என்று போட்டிருந்தான். 'உண்ணக் கூடாது' என்று ஒற்றைச் சேர்த்துக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 16

5.45, 9.30, 1.00. மாத்திரை வேலை செய்கிறது. சின்ன மாத்திரை, மிளகை விடக் கொஞ்சம் பெரிது.

ஆகஸ்ட் 19

பேப்பருக்குள் வைத்து ஊர் முழுக்க நோட்டீஸ் போயிருக்கிறது. பத்து மணிக்குத் தெய்வேந்திரன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். உட்காரவில்லை. நின்றபடி எனக்கே வாசித்துக் காட்டினான்.

"இந்த வாத்தியாரைப் பாருங்க அத்தான். முதல் ரெண்டு வாரம் கூடத்தான் செஞ்சதுன்னு வெளிப்படையா எழுதியிருக்காரு. பொய் சொல்றவன் அப்படிச் சொல்லுவானா?"

சொல்ல மாட்டான் என்றேன்.

அலமாரியில் ஜெயசீலன் கொடுத்த இரண்டு சூரண டப்பா இருந்தன. தெய்வேந்திரன் அவற்றைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நான் சமீபத்தில் பஸ்ஸில் ராஜபாளையம் போய்வந்ததும், வழியில் எங்கும் இறங்காததும் அவனுக்குத் தெரியும். எனக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தபோது அவன் ஸ்கேன் அறையில் இருந்தான், அது தெரியாது.

"அதான பாத்தேன். எங்கிட்டகூடச் சொல்லல பாருங்க."

மருந்து என்றால் பொறுமை வேண்டும் என்று மட்டும் சொன்னேன். இதில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை. அவன் ஒரு டப்பாவை எடுத்துப் போனான். பிறகு நோட்டீஸை நான் தனியாக ஒரு முறை வாசித்தேன். அந்தப் பத்தி நன்றாகத்தான் வந்திருக்கிறது.

ஆகஸ்ட் 26

தெய்வேந்திரன் ஆபரேஷன் தேதியை ரத்து செய்துவிட்டான். இங்கிலீஷ் மாத்திரையையும் நிறுத்திவிட்டான், கலந்து உண்ணக் கூடாது என்பதால். இன்று முதல் நாள்.

செண்பகவல்லிக்குப் பிடிக்கவில்லை. நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்றாள். அவன் குழந்தையா என்றேன்.

செப்டம்பர் 3

ஒன்பதாம் நாள். கடுப்பு கூடியிருக்கிறது, முக்கினால்தான் வருகிறது என்று வந்து சொன்னான். முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி. "எழுதினபடியே நடக்குது அத்தான்."

எழுதியபடி நடப்பதை ஒரு எழுத்தாளன் வேறு எப்போது பார்ப்பான் என்று எனக்குத் தெரியவில்லை.

செப்டம்பர் 8

பேரனுக்குக் காதுகுத்து. வீடு நிறையக் கூட்டம். பதினாலாம் நாள் என்று தெய்வேந்திரன் காலையிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். மத்தியானப் பந்தியில் சாம்பாரை ஊற்றிக்கொண்டு பாதி சாப்பிட்ட பிறகு அதில் கத்தரிக்காய் கிடந்ததைக் கண்டான். கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டான். சமையல்காரர் பயந்துபோனார். பல்லி விழுந்துவிட்டது என்று நினைத்தாராம்.

ஒரு துண்டு கத்தரிக்காயில் ஒன்றும் ஆகாது என்றேன். நோட்டீஸைப் பையிலிருந்து எடுத்து, முதல் நாளிலிருந்து என்ற வரியைக் காட்டினான். அச்சில் இருப்பதோடு என்னால் வாதிட முடியாது. அது என் தொழில் நோய்.

செப்டம்பர் 9

அவனுக்கு மறுபடி முதல் நாள்.

செப்டம்பர் 20

பன்னிரண்டாம் நாள் மறுபடி முறிந்தது. சம்பந்தி வீட்டில் தெரியாமல் கருவாட்டுக் குழம்பு ஊற்றிவிட்டார்கள். இந்த முறை நல்ல நாள் பார்த்து 25ஆம் தேதி தொடங்கப்போகிறானாம். இடையில் மாத்திரையாவது போடலாமே என்றேன். "கலக்கக் கூடாது அத்தான்" என்றான், எனக்குப் புத்தி சொல்வது போல.

ஜெயசீலன் வந்தான். வாத்தியார் கடிதம்தான் ஊரெல்லாம் பேச்சு என்றான். இன்னும் இரண்டு பேரை எழுதித் தரச் சொன்னான், ஒருவர் விவசாயியாக இருந்தால் நல்லது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

யோசித்தேன். விவசாயிக்கு ஒரு பெயர்கூட வந்துவிட்டது. எழுதவில்லை.

செப்டம்பர் 30

தெய்வேந்திரன் இடுப்பில் இரண்டு துண்டு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முந்தாநாளிலிருந்து தானாகவே சொட்டுகிறதாம்.

"அடைப்பு உடைஞ்சிருச்சு அத்தான். முக்க வேண்டிய வேலையே இல்ல."

டாக்டர் சொன்னது நினைவில் இருந்தது. சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவன் மனைவி காபி கொண்டு வந்தாள். பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது.

அக்டோபர் 4

கால் வீங்கியிருக்கிறது. சாப்பாடு இறங்கவில்லை, உடம்பெல்லாம் அரிப்பு. செண்பகவல்லி பார்த்துவிட்டு வந்து நேராக என் முன்னால் நின்றாள். "நீங்க சொன்னா அவன் கேப்பான். நீங்க அந்தப் பொடியைத் தின்னு குணமானதா நினைச்சுக்கிட்டிருக்கான். போய் உள்ளதைச் சொல்லுங்க."

உள்ளது என்று அவள் சொன்னது மாத்திரையை. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அக்டோபர் 6

சொல்வதற்காகப் போனேன். இதை இங்கே பதிவு செய்கிறேன். சொல்வதற்காகத்தான் போனேன்.

படுத்திருந்தான். அடிவயிறு பானை போல் இருந்தது. எதற்கும் ஒரு தடவை டாக்டரைப் பார்த்துவிடலாமே என்று தொடங்கினேன். கையை உயர்த்தி நிறுத்தினான்.

"இன்னைக்குப் பன்னிரண்டு. இன்னும் ரெண்டே நாள் அத்தான். வாத்தியாருக்கும் பதினாலாம் நாள்தான சரியாச்சு."

"பதினஞ்சாம் நாள்" என்றேன்.

அவன் நோட்டீஸை எடுத்துப் பார்த்தான். சிரித்தான். "ஆமா. பதினஞ்சு. உங்களுக்கு மனப்பாடமே ஆயிருச்சே."

முப்பத்தெட்டு வருடப் பழக்கம். தவறான எண் காதில் விழுந்தால் வாய் தானாகத் திறக்கிறது. மற்றதற்குத் திறப்பதில்லை. பதினைந்தாம் நாள் 9ஆம் தேதி வருகிறது. மூன்று நாள்தானே என்று வீட்டுக்கு வந்தேன்.

அக்டோபர் 9

காலை ஏழு மணிக்குத் தெய்வேந்திரனுக்கு நினைவு தடுமாறியது. தன் மகனை மேஸ்திரி என்று கூப்பிட்டு, கட்டிங் மிஷினை நிறுத்தச் சொன்னானாம். ஆம்புலன்ஸில் மதுரைக்குப் போனோம். குழாய் போட்டதும் பை நிறைந்தது. அதை மாற்றி வைத்தார்கள், அதிலும் பாதி. வாரக்கணக்கில் தேங்கிய நீர் மேலே ஏறி இரண்டு சிறுநீரகத்தையும் கெடுத்துவிட்டது என்றார் டாக்டர். என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததை எல்லாம் அவரிடம் சொல்லிவிட்டேன். ஒருவன் செய்யக்கூடியதை நான் செய்தேன்.

அக்டோபர் 9

இன்று உண்மையில் 10. அச்சில் 9 என்றுதான் இருக்கிறது. ஆகவே நேற்றைய பக்கத்தைத் திருத்த ஒரு பக்கம் கிடைக்கிறது.

பிழை: 'எனக்குத் தெரிந்ததை எல்லாம் அவரிடம் சொல்லிவிட்டேன்.' திருத்தம்: டாக்டர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். "ஏதோ நாட்டு மருந்து டாக்டர்" என்றேன். பெயர் என்ன, நோட்டீஸ் ஏதாவது இருக்கிறதா என்றார். தெரியவில்லை என்றேன். தெய்வேந்திரன் தலையணைக்கு அடியில் வைத்திருந்த நோட்டீஸ் அப்போது என் சட்டைப்பையில் இருந்தது. காலையில் அவனைத் தூக்கும்போது நான்தான் எடுத்தேன்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். சொட்ட ஆரம்பித்த அன்றே வந்திருந்தால் சிறுநீரகத்தைப் பெரும்பாலும் காப்பாற்றியிருக்கலாமாம். செப்டம்பர் 30ஆம் தேதிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். அதில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை.

வராண்டாவில் செண்பகவல்லி என் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். மாத்திரை விஷயத்தை அவனிடம் சொன்னீர்களா என்று கேட்டாள். அவன் என்னிடம் கேட்கவில்லை என்றேன். எழுந்து நாலு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

அக்டோபர் 17

இனி வீட்டுக்கு வந்த பிறகும் வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். மதுரைக்குப் போக, வர, அங்கே நாலு மணி நேரம். சிறுநீரகம் இனித் திரும்புமா என்று அவன் மகன் கேட்டான். பார்க்கலாம் என்றார் டாக்டர். அந்தச் சொல்லை அச்சில் 'திரும்பாது' என்று திருத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவனிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 19

ஜெயசீலனிடம் போய் அந்தக் கடிதத்தை எடுத்துவிடச் சொன்னேன். மச்சினன் நிலைமையையும் சொன்னேன். மிகவும் வருத்தப்பட்டான். பிறகு, பத்தியம் சரியாக இருந்தாரா என்று கேட்டான்.

அக்டோபர் 23

தெய்வேந்திரன் வீட்டுக்கு வந்துவிட்டான். நாள் ஒன்றுக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளந்து கொடுக்கிறார்கள். அவன் யாரையும் குற்றம் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மை என்னவென்றால், எனக்கு முதலில் ஆறுதலாக இருந்தது.

"என் தப்புதான் அத்தான். காதுகுத்து அன்னைக்கு நான் பாத்து ஊத்தியிருக்கணும். அந்தக் கத்தரிக்காய்தான் வினை."

பிறகு வாத்தியாருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றான். அவருக்கு இரண்டு வாரத்தில் கால் வீங்கியதா, அரிப்பு இருந்ததா, எப்படிப் பொறுத்தார் என்று கேட்க வேண்டும். கை நடுங்குகிறது, நீங்கள் எழுதுங்கள் என்றான். அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். கடைசியில், 'தங்களுக்குக் கிடைத்த குணம் எனக்குக் கிடைக்காதது என் குறையே. தாங்கள் நீடூழி வாழ வேண்டும்' என்று சொன்னான். 'நீடூழி'க்கு எந்த 'ல' வரும் என்று கேட்டான். சொன்னேன்.

ஜெயசீலனிடம் விலாசம் வாங்கி அனுப்பிவிடுகிறேன் என்று பையில் வைத்துக்கொண்டேன். நோட்டீஸும் அதே பையில்தான் இருக்கிறது.

அக்டோபர் 31

பதில் வந்ததா என்று ஐந்தாம் முறையாகக் கேட்டுவிட்டான். டயாலிசிஸ் நாற்காலியில் அது ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறானாம். முடிந்தால் மகனைக் கூட்டிக்கொண்டு மேலப்புதுக்குளம் வரைக்கும் போய்விட்டு வரலாம் என்கிறான்.

சொல்லிவிட இன்று ஒரு சந்தர்ப்பம் இருந்தது. மகன் வெளியே போயிருந்தான், அவன் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். நானும் அவனும் முக்கால் மணி நேரம் தனியாக இருந்தோம். கிரிக்கெட் பார்த்தோம்.

நவம்பர் 2

பதில் எழுதினேன். அருளப்பனின் மகன் எழுதுவதாக. இடது பக்கம் சாய்ந்த கையெழுத்து, மலிவான கோடு போட்ட தாள். 'தங்கள் கடிதம் கிடைத்தது. வருந்தத்தக்க செய்தி, அப்பா சென்ற மாதம் 9ஆம் தேதி காலமானார்.' காரணம் எழுதவில்லை. 'சென்ற' என்பதைச் 'செண்ற' என்று வேண்டுமென்றே பிழையாக எழுதினேன். உண்மையான கடிதத்தில் ஒரு குறை இருக்கும்.

எழுதி முடித்து நிமிர்ந்தபோது செண்பகவல்லி வாசற்படியில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. தாளைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

நவம்பர் 3

மத்தியானச் சாப்பாட்டில் ரசம், ஆகஸ்டில் நான் அளந்த அந்த டம்ளரில் வந்தது. நன்றாகத் தேய்த்துக் கழுவித்தான் இருந்தது. அவள் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

குடித்தேன்.

நவம்பர் 4

கடிதத்தைத் தெய்வேந்திரனிடம் கொடுத்தேன், அச்சக விலாசத்துக்கு வந்தது என்று. இரண்டு முறை வாசித்தான். 'செண்ற'வில் விரலை வைத்து, வாத்தியார் பிள்ளைக்கு இப்படி ஒரு பிழையா என்றான். பிறகு 9ஆம் தேதி என்பதைக் கவனித்தான். தான் விழுந்த அதே நாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"எனக்குப் பதிலா அவர் போயிட்டாரு அத்தான்."

அப்படியெல்லாம் இல்லை என்றேன். அதுவும் பொய்யான சொல் இல்லை.

"நல்ல மனுசன். நடந்ததை மறைக்காம எழுதினாரு" என்றான். அந்த மகனுக்குத் தன் பெயரில் ஒரு இரங்கல் கடிதம் எழுதிப் போட்டுவிடச் சொன்னான். நீங்கள் எழுதினால் நன்றாக இருக்கும் என்றான்.

வீட்டுக்கு வந்து எழுதினேன். அரைப் பக்கம். இருமுறை மெய்ப்புப் பார்த்தேன். பிழை இல்லை.